பார்க்காமல் அளித்த தீர்ப்பு

மனிதன் நாள்தோறும் செய்கின்ற செயல்களுள் மிக எளிதாகச் செய்வதும், மிகக் குறைவாகச் சிந்தித்துச் செய்வதும் தீர்ப்பளித்தலே எனலாம். குழம்பில் உப்புக் குறைவு, அண்டை வீட்டார் சரியில்லை, இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று காலை முதல் இரவுவரை தீர்ப்புகளை வழங்கிக்கொண்டே இருக்கிறோம். இவற்றுள் பெரும்பாலானவை காற்றோடு போய்விடுகின்றன. ஒரு சில மட்டும் யாரோ ஒருவருடைய உள்ளத்தில் விழுந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. அப்படித் தங்கிவிட்ட என்னுடைய தீர்ப்பு ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். நெய்வேலி நகரியத்தில் எங்கள் பங்கின் இளையோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் வழக்கம்போல் கூடியிருந்தனர். செப்டம்பர் 30ஆம் நாள் வெளிவந்திருந்த ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகத் திரைப்படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. என் கருத்தைக் கேட்டார்கள். நானும் தயங்கவில்லை. “கல்கியின் ஆவியை எடுத்துவிட்டு உடலுக்கு நகை பூட்டியிருக்கிறார்கள்” என்றேன். சிரிப்பொலி எழுந்தது. அந்தச் சிரிப்பு தந்த ஊக்கத்தில் இன்னும் நான்கைந்து வாக்கியங்கள் பேசினேன்.

பின்வரிசையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “படத்தில எந்த இடம் ஃபாதர் உங்களுக்குப் பிடிக்கல?” என்று கேட்டாள். கேள்வியில் குறும்பு இல்லை. அறிய விரும்பித்தான் கேட்டாள். என்னிடம் விடை இல்லை. ஏனெனில், நான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. இரண்டு விமர்சனங்களைப் படித்திருந்தேன், முன்னோட்டக் காட்சியைக் கண்டிருந்தேன், அவ்வளவே. “மொத்தமாகவேதான்” என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் அமர்ந்துவிட்டாள்.

இரண்டு வாரங்கள் கழித்துப் பங்கு நூலகத்தில் நாவலின் முதற்பாகம் திரும்ப வந்திருப்பதைக் கண்டேன். பாதியில் ஒரு பேருந்துச் சீட்டு அடையாளமாக வைக்கப்பட்டு அப்படியே இருந்தது. யார் எடுத்துச் சென்றது என்று பதிவேட்டைப் பார்த்தேன். அந்தப் பெண்தான். படம் வெளியான மறுவாரம் எடுத்திருக்கிறாள். நான் பேசிய மறுநாள் திருப்பித் தந்திருக்கிறாள். படத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் நாவலைத் தேடி வந்தவளை, நாவலின் பெயராலேயே நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

இந்நிகழ்ச்சி என்னை உறுத்தியது. அந்த உறுத்தலிலிருந்து பிறந்தவையே பின்வரும் சிந்தனைகள்.

சினத்தின் வேர்

பார்க்காத ஒன்றின்மீது எனக்கு ஏன் அத்தனை சினம்? ஆராய்ந்து பார்த்தபோது, அச்சினத்தின் வேர் அன்பில் இருப்பதைக் கண்டேன்.

‘பொன்னியின் செல்வன்’ கல்கி வார இதழில் 1950 அக்டோபர் இறுதியிலிருந்து 1954 மே வரை தொடர்கதையாக வெளிவந்தது. அது முடிந்த ஏழாம் மாதத்தில், 1954 டிசம்பர் 5ஆம் நாள், அதன் ஆசிரியர் மறைந்தார். என் தாத்தா வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, ஐந்து கட்டுகளாகப் பைண்டு செய்து வைத்திருந்தார். அட்டையில் தம் கையாலேயே ‘புது வெள்ளம்’, ‘சுழற்காற்று’, ‘கொலை வாள்’, ‘மணிமகுடம்’, ‘தியாக சிகரம்’ என்று எழுதியிருந்தார். மின்சாரம் இல்லாத இரவுகளில் என் தாயார் அரிக்கேன் விளக்கடியில் அதனை உரக்கப் படிக்க, நாங்கள் சுற்றி அமர்ந்து கேட்போம். ஓவியர் மணியம் வரைந்த படங்களைக் காண்பதற்காகவே நானும் என் தம்பியும் சண்டையிட்டுக்கொள்வோம். நந்தினியின் கொண்டை, பழுவேட்டரையரின் மீசை, ஆழ்வார்க்கடியானின் முன்குடுமி எல்லாம் கோடுகளாக எங்கள் உள்ளத்தில் பதிந்துவிட்டன. வந்தியத்தேவனின் குரலோ, எனக்கு இன்றும் என் தாயாரின் குரல்தான்.

இத்தகைய ஒருவனுக்கு எந்த நடிகரின் குரல் பொருந்தும்? நான் தேடியது கல்கியின் கதையை அன்று. என் தாயாரின் விளக்கொளியை. அதனை எந்த இயக்குநராலும் படம் பிடிக்க இயலாது. கிடைக்க முடியாத ஒன்றைக் கொடுக்கவில்லை என்பதற்காக ஒருவர்மீது குற்றம் சுமத்துவது நீதி ஆகுமா?

இது முதியவர்களுக்கு மட்டுமே உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் பங்கில் பொறியியல் பயிலும் இளைஞன் ஒருவன் ஜப்பானிய அனிமே தொடர்களில் ஆழ்ந்தவன். என் வருத்தத்தை அவனிடம் சொன்னபோது, “எனக்குப் புரியுது ஃபாதர், நாங்களும் இதத்தான் அனுபவிக்கிறோம்” என்றான். அவனும் அவன் நண்பர்களும் போற்றும் ‘கவ்பாய் பீபாப்’ என்னும் தொடரை, மெய்யான நடிகர்களைக்கொண்டு நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2021 நவம்பரில் வெளியிட்டது. ஒரு மாதம் முடிவதற்குள் அது கைவிடப்பட்டது. அதே நிறுவனம் 2023 ஆகஸ்டில் ‘ஒன் பீஸ்’ தொடரை அவ்வாறே வெளியிட்டபோது, மூலத்தைப் படைத்த எய்ச்சிரோ ஓடாவும் அம்முயற்சியில் உடனிருந்தார்; ரசிகர்கள் அதனை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டனர். ‘சித்திரம் உயிர் பெற்றால் கெட்டுவிடும்’ என்ற ஒற்றைத் தீர்ப்பு இவ்விரண்டில் ஒன்றுக்குப் பொருந்துகிறது, மற்றதற்குப் பொருந்தவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்டுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுரைக்கொடியின் கதை

வரலாற்றில் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. புனித எரோணிமுஸ் எபிரேய மூலத்திலிருந்து பழைய ஏற்பாட்டை இலத்தீனில் புதிதாக மொழிபெயர்த்தார். வட ஆப்பிரிக்காவின் ஓயா நகர ஆயர் அப்புதிய பெயர்ப்பைத் தம் ஆலயத்தில் வாசிக்கச் செய்தார். யோனா நூலில், இறைவாக்கினருக்கு நிழல் தந்த செடியைக் குறிக்கும் சொல் வந்தது. மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகியது சுரைக்கொடி. புதிய பெயர்ப்பிலோ படர்கொடியாகிய ஐவி. ஒரு செடியின் பெயருக்காக ஆலயத்திலே பெருங்கூச்சல் எழுந்தது. ஆயர் தம் மக்களையே இழந்துவிடும் நிலை ஏற்பட்டதால் பழைய சொல்லுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. புனித அகுஸ்தீன் ஏறத்தாழ 403ஆம் ஆண்டில் எரோணிமுசுக்கு எழுதிய கடிதத்தில் இச்செய்தி காணப்படுகிறது.

இதில் வேடிக்கை யாதெனில், அது சுரையும் அன்று, ஐவியும் அன்று. எபிரேயச் சொல் குறிக்கும் செடிக்கு இலத்தீனில் தக்க பெயர் கிடைக்காமையால்தான் ஐவி என்று வைத்ததாக எரோணிமுசே விளக்கம் தந்தார். நம் தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு. ஓயா நகர மக்கள் உண்மைக்காகப் போராடுவதாக நம்பினார்கள், போராடியதோ பழக்கத்திற்காக. ஆயினும் அவர்களை நான் எள்ளி நகையாட மாட்டேன். தாய் மடியில் கேட்ட சொல் மாறினால் நெஞ்சு வலிப்பது இயல்பு. வலி இயல்பானது என்பதற்காக, அந்த வலியே தீர்ப்பாகிவிடாது.

கல்கியும் மாற்றியவரே

அவ்வாண்டு இறுதியில் ஒரு நாள், சேத்தியாத்தோப்பு வழியாகக் காட்டுமன்னார்கோயிலுக்குச் சென்றேன். நெய்வேலியில் வாழும் நமக்குப் ‘பொன்னியின் செல்வன்’ தொலைதூரக் கதை அன்று. நாவலின் தொடக்கத்தில், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வந்தியத்தேவன் குதிரையேறி வருகின்ற வீரநாராயண ஏரி, நம் கடலூர் மாவட்டத்து வீராணமேதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உருவாகி, அவனது சிறப்புப் பெயரைத் தாங்கிய ஏரி. 2004ஆம் ஆண்டு முதல் சென்னைக்கும் குடிநீர் தருகின்ற ஏரி.

காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு உள்ளது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகிய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் உறவினரது உடைமைகளைப் பறிமுதல் செய்வது பற்றிக் கூறுகிறது. கரிகாலன் ஏன் கொல்லப்பட்டான் என்பதைக் கல் சொல்லவில்லை. இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ, குடிமக்கள் வேண்டியும், தன் சிறிய தந்தை அரசை விரும்பும்வரை அதனைத் தான் மனத்தாலும் விரும்புவதில்லை என அருள்மொழி இருந்ததாகக் கூறுகின்றன.

இந்தச் சில வரிகளிலிருந்து கல்கி என்ன செய்தார்? நந்தினியைப் படைத்தார். பூங்குழலியைப் படைத்தார். ஆழ்வார்க்கடியானைப் படைத்தார். அரியணையேறிய உத்தம சோழன் யார் என்பதற்கே புதுக்கதை ஒன்றைப் புனைந்தார். கல்வெட்டை மட்டுமே நேசித்த ஓர் அறிஞர் 1954இல் எழுந்து, “வரலாற்றின் ஆவியை எடுத்துவிட்டு உடலுக்கு நகை பூட்டியிருக்கிறார்” என்று சொல்லியிருந்தால் என் தாத்தா என்ன சொல்லியிருப்பார்? சிரித்திருப்பார். நானும் சிரித்திருப்பேன். கல்கிக்கு நான் தாராளமாக வழங்கிய உரிமையை, அவருக்குப் பின் வந்தவருக்கு மட்டும் மறுத்தேன். ஒரே செயலை இருவர் செய்ய, ஒருவரைப் போற்றி மற்றவரைத் தூற்றினால், நம் தராசில் கோளாறு உள்ளது என்றுதான் பொருள்.

எனினும், எல்லாம் சரியா?

அப்படியாயின் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாமா என்ற கேள்வி எழும். அதற்கும் எரோணிமுசிடமே விடை உண்டு. சொல்லுக்குச் சொல் வைப்பதைவிடப் பொருளுக்குப் பொருள் வைப்பதே மொழிபெயர்ப்பாளனின் கடமை என்பது அவர் கொள்கை. சொல்லை மாற்ற உரிமை உண்டு. பொருளைச் சிதைக்க உரிமை இல்லை. எனவே கேட்க வேண்டிய கேள்வி, “எது மாறியிருக்கிறது?” என்பதன்று; “மாறியதால் எது இழக்கப்பட்டது, எது பெறப்பட்டது?” என்பதே.

இந்தக் கேள்வியோடு கடலூரில் ஒரு திரையரங்கில் 2023 ஏப்ரல் இறுதியில் வெளிவந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்தேன். முதற்பாகத்தை அதற்கு முன்பே தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். ஐந்து பாகங்களாக விரிந்த கதையை மணிரத்னம் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டியிருந்தது. 1958ஆம் ஆண்டிலேயே எம்.ஜி.ஆர். இக்கதையைப் படமாக்குவதாக அறிவித்து, அது நிறைவேறாமற் போனதை எண்ணினால் இப்பணியின் கடுமை விளங்கும்.

குறைகளைக் கண்டேன். நம் வீராணத்தில் தொடங்காமல் படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. வந்தியத்தேவனைக் காதலித்துத் துயரத்தில் மடியும் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. எல்லாவற்றினும் பெரிய இழப்பு, சேந்தன் அமுதன் கதை. நாவலில், தஞ்சைக் கோயிலுக்குப் பூக்கட்டும் அந்த எளிய இளைஞனே உண்மையான மதுராந்தகன். தனக்கு நாடு வேண்டா என்று ஒதுங்கி நிற்கும் அவன் தலையில்தான் அருள்மொழி மகுடத்தைச் சூட்டுகிறான். விரும்பாதவனும் விட்டுக்கொடுப்பவனும் எதிரெதிரே நிற்கும் அக்காட்சியே ‘தியாக சிகரம்’. படத்தில் இது இல்லை.

ஆனால் அங்கே வேறொன்று இருக்கிறது. படத்தின் மதுராந்தகன் அரியணைக்கு ஆசைப்பட்டுப் பகைவரோடு கைகோத்தவன். அவனுக்கே அருள்மொழி மகுடத்தைச் சூட்டுகிறான். நாவலில் நாம் காண்பது துறவு. படத்தில் காண்பது மன்னிப்பு. இரண்டும் ஒன்றல்ல. என் உள்ளம் இன்றும் நாவலின் பக்கமே நிற்கிறது. எனினும், மன்னிப்பு துறவைவிடத் தாழ்ந்தது என்று சொல்ல என்னால் இயலவில்லை.

ஆதித்த கரிகாலனின் இறுதியும் அவ்வாறே. அவனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி மூடுபனியில் வைத்தார். படமோ, கரிகாலனே சாவைத் தேடி நந்தினியின்முன் தன்னை ஒப்படைப்பதாகக் காட்டுகிறது. மருமம் போயிற்று, ஆனால் இளமையில் உடைக்கப்பட்ட இரண்டு உள்ளங்களின் வேதனை, நான் நாவலில் உணராத அளவுக்கு அங்கே என்னைத் தாக்கியது. உண்மையைச் சொல்வதென்றால், இருட்டில் கண்களைத் துடைத்துக்கொண்டேன்.

தீர்ப்புக்கு மூன்று தூண்கள்

குருமடத்தில் பயின்ற நாள்களில் புனித தோமா அக்குவினாரின் பாடம் ஒன்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். ஒரு தீர்ப்பு நேரியதாக இருக்க மூன்று வேண்டும் என்கிறார் அவர். அது நீதியின் நாட்டத்திலிருந்து பிறக்க வேண்டும். தீர்ப்பிட உரிமையுடையவரால் வழங்கப்பட வேண்டும். விவேகத்தின் நெறிப்படி கூறப்பட வேண்டும். முதலாவது இல்லையேல் தீர்ப்பு கோணலானது. இரண்டாவது இல்லையேல் அபகரிக்கப்பட்டது. மூன்றாவது இல்லையேல் அவசரமானது. ஐயத்திற்கிடமானவற்றை நல்ல பக்கமாகவே விளங்கிக்கொள்ள வேண்டும் என்றும் அவர் சேர்த்துக் கூறுகிறார்.

அவர் பேசியது மனிதர்களைத் தீர்ப்பிடுவது பற்றி. கலைப்படைப்பைத் தீர்ப்பிடும்போதும் அதற்குப் பின்னால் மனிதர்கள் இருப்பதால் இது பொருந்தும் எனக் கருதுகிறேன். அன்று இளையோர் முன்னிலையில் நான் பேசியதை இந்த மூன்றிலும் நிறுத்திப் பார்த்தேன். நீதியின் நாட்டத்தால் அன்று, சிரிப்பொலியின் ஆசையால் பேசினேன். பார்க்காதவனுக்குத் தீர்ப்பிட உரிமை ஏது? பங்குத்தந்தை என்ற என் நிலை அந்த உரிமையைத் தந்ததாக எண்ணிக்கொண்டேன். விவேகமோ அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றிலும் தோற்றேன்.

விவேகத்தின் முதற்படி, ஒரு பொருளை அதற்குரிய அளவுகோலால் அளப்பது. இதனை நெய்வேலிவாசிகளுக்கு விளக்க வேண்டுவதில்லை. நம் காலடியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. ஏறத்தாழப் பாதி ஈரம். ஜாரியாவின் கருநிலக்கரியோடு வைத்துப் பார்த்தால் இது கரியே அன்று என்று ஒருவர் தள்ளிவிடலாம். 1956இல் இங்கு நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் அப்படித் தள்ளவில்லை. இதன் இயல்புக்கேற்ற கொதிகலன்களை அமைத்தார்கள். 1962 முதல் மின்சாரம் பிறந்தது. தமிழகத்தின் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்தது. திரைப்படம் நாவலாக இல்லை என்று சொல்வது, பழுப்பு நிலக்கரி கறுப்பாக இல்லை என்று சொல்வதைப் போன்றதே. அது உண்மை, ஆனால் தீர்ப்பு அன்று. அது எரிகிறதா, வெளிச்சம் தருகிறதா என்று பார்ப்பதே தீர்ப்பு.

இறுதியாக ஒன்று

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாக அன்று, நான் பேசிய அதே கூட்டத்தில், அதே இளையோர் முன்னிலையில் கேட்டேன். பலர் முன்னிலையில் அளித்த தீர்ப்பைத் தனிமையில் திரும்பப் பெறுவது பாதிக் கடன் அடைப்பதாகும். “பரவாயில்ல ஃபாதர்” என்றாள், கூச்சத்தோடு. தாத்தாவின் ஐந்து கட்டுகளில் முதலாவதை அவளிடம் கொடுத்தேன். தாள்கள் பழுத்து ஓரங்கள் உதிர்கின்ற நிலை. வீட்டைவிட்டு அவை வெளியே போனது அதுவே முதல் முறை.

ஒவ்வொரு கட்டாக ஏறத்தாழ ஓராண்டில் முடித்தாள். ஐந்தாவதைத் திருப்பித் தர வந்த நாளில் முகம் வாடியிருந்தது. “என்னம்மா?” என்றேன்.

“மணிமேகலைய எப்படி ஃபாதர் படத்துல விட்டாங்க? அவ பாவம் இல்லையா? எனக்கு இப்ப அந்தப் படத்து மேலேயே கோவமா வருது.”

சிரித்துவிட்டேன். என் பழைய குற்றச்சாட்டுகளுள் ஒன்று, இப்போது அவள் வாயிலிருந்து வருகிறது! ஆனால் இரண்டுக்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. அவள் பார்த்துவிட்டுச் சொல்கிறாள், படித்துவிட்டுச் சொல்கிறாள், இரண்டையும் நேசித்துவிட்டுச் சொல்கிறாள். அந்தக் கோபத்துக்கு அவள் உரிமை பெற்றவள்.

“உட்காரம்மா, சொல்லு” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டேன். இம்முறை நான் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.